ஊசிக்கு முன்னால் அந்த க்ரீமைப் பற்றிப் பேசுவோம்

மும்பை செம்பூரிலிருந்து 47 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கங்களில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கமாக இங்கே தருகிறேன்.

அவர் ஃபோர்ட் பகுதியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். இருபது ஆண்டுகளாக ஹார்பர் லைன் ரயிலில் போய் வருகிறார். இரண்டாவது குழந்தை பிறந்த சமயத்தில் கன்னங்களில் விழுந்த மங்கு, அதாவது கருந்திட்டு, இன்றுவரை போகவில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளில் அது கருத்துப் பரவியிருக்கிறது, இடது கன்னத்தில் அதிகமாக. கண்ணோரத்திலும் வாயோரத்திலும் சுருக்கங்கள் விழுந்திருக்கின்றன. மாதவிடாய் ஒழுங்கு தவறிவிட்டது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலில் ரத்த உறைவு ஏற்பட்டுச் சிகிச்சை பெற்றதால், இப்போது தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். மகளுக்குத் தை மாதக் கடைசியில் திருமணம். நிச்சயதார்த்தத்தின்போது நாத்தனார் எல்லார் முன்னிலையிலும், "என்ன மன்னி, முகம் இப்படிக் கருத்துப் போச்சு, பொண்ணுக்கு அம்மாவா பாட்டியா?" என்று கேட்டது அவரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது.

அதன் பிறகு ஓர் அழகு அக்குபஞ்சர் நிலையத்துக்குப் போயிருக்கிறார். முகத்தில் மெல்லிய ஊசிகளைக் குத்தி, மங்கையும் சுருக்கத்தையும் "முழுக்க இயற்கையாக, பக்கவிளைவே இல்லாமல்" போக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு அமர்வுகளுக்கு 54,000 ரூபாய். மொத்தமாகக் கட்டினால் 42,000. இவர் 10,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டார். சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்னதாக ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். சன்ஸ்க்ரீன் ரசாயனம், அது தோலை மூச்சுவிட விடாது, அதையும் நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். "உலக சுகாதார நிறுவனமே அங்கீகரித்திருக்கிறது என்கிறார்கள் டாக்டர், நம்பலாமா? இயற்கை வழிதானே, கெடுதல் என்ன இருக்கப் போகிறது?" என்று கேட்கிறார்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், ஒரே ஒரு வரி இருந்தது: பக்கத்து மருந்துக் கடையில் ஒரு க்ரீம் வாங்கி பத்து மாதங்களாக இரவில் தடவுகிறாராம்; நிறுத்தினால் முகம் எரிகிறது, அதனால் விடாமல் தடவுகிறாராம்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ஊசியைவிட அந்த அடைப்புக்குறி வரிதான். ஆகவே நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு முன்னால், நீங்கள் கேட்காத இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அந்த ட்யூபை எடுத்து, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களை வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். மோமெட்டசோன், ஃப்ளூசினோலோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பெரும்பாலும் அதனுடன் கருமையைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோனும், தோலைப் புதுப்பிக்கும் ட்ரெட்டினோயினும் சேர்ந்திருக்கும். இந்த மூன்றும் சேர்ந்த மருந்து தவறானது அல்ல. மங்குக்கு நாங்களே எழுதிக் கொடுப்பதுதான். ஆனால் சில வாரங்களுக்கு மட்டும், இடையிடையே நோயாளியைப் பார்த்துக்கொண்டு கொடுப்போம். பத்து மாதம் தடவினால் நடப்பது வேறு. முதல் மாதத்தில் முகம் பளிச்சென்று ஆகும், அக்கம்பக்கத்தார் விசாரிப்பார்கள். பிறகு தோல் மெலியும், கன்னத்தில் சிவப்பு நூல் போல ரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும், சிலருக்குப் பூனைமுடி வளரும், சிறு பருக்கள் வரும், வெயில் பட்டதும் முகம் சிவந்து காந்தும். ஹைட்ரோகுவினோனை மாதக்கணக்கில் தடவினால், மங்கின் மேலேயே நீலச் சாம்பல் நிறத்தில் இன்னொரு கருமை படியக்கூடும். அதைப் போக்குவது மங்கைப் போக்குவதைவிடக் கடினம். நிறுத்தினால் எரிகிறது என்பதை நீங்கள் க்ரீம் வேலை செய்வதன் அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தோல் அந்த மருந்துக்குப் பழகி, அது இல்லாமல் நிற்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது என்பதற்கே அது அடையாளம்.

என் கணிப்பு சரியாக இருந்தால், கடந்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் முகம் வேகமாக மாறியதற்கு இந்தப் பத்து மாதங்களும் ஒரு காரணம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்வது முறையல்ல. ஆனாலும் ஒன்றை மட்டும் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்: இதைப் படித்த வேகத்தில் க்ரீமை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் முகம் முழுவதும் சிவந்து வீங்கி எரியும். பயந்துபோய் இரண்டு நாளில் மறுபடியும் அதையே தடவுவீர்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு தோல் மருத்துவரின் கண்காணிப்பில், தடவும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், மெல்லக் குறைத்து, மாற்று மருந்தின் துணையோடு வெளியே வர வேண்டும். ஆறு வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம்.

இப்படி மெலிந்து நிற்கும் தோலில்தான் நாற்பது ஐம்பது ஊசிகளைக் குத்தச் சொல்கிறார்கள்.

அக்குபஞ்சர் முகத்துக்கு என்ன செய்கிறது?

இந்த மருத்துவ முறையை நான் இழிவாகப் பார்ப்பதில்லை. நம் ஊருக்கும் அதற்கும் ஒரு பழைய தொடர்புகூட உண்டு. 1938 இல் சீனாவுக்குப் போன ஐந்து இந்திய மருத்துவர்களில் ஒருவரான துவாரகாநாத் கோட்னிஸ், பரேலில் உள்ள ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சீனாவிலேயே 1942 இல் இறந்துபோனார். அதே குழுவில் இருந்த விஜய் குமார் பாசு பிற்காலத்தில் மறுபடியும் சீனா சென்று அக்குபஞ்சர் கற்று, அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். நாட்பட்ட முதுகுவலிக்கும், ஒற்றைத் தலைவலிக்கும், கீமோதெரபிக்குப் பின் வரும் குமட்டலுக்கும் அக்குபஞ்சர் ஓரளவு உதவுகிறது என்று சொல்ல ஆய்வுகள் இருக்கின்றன. என்னிடம் வரும் நோயாளிகளில் வலிக்காக அதை எடுத்துக்கொள்பவர்களை நான் தடுத்ததில்லை.

முகச் சுருக்கம் என்று வரும்போது கதை வேறு. முடியைவிடத் தடிமனான, 0.16 முதல் 0.20 மில்லிமீட்டர் வரையிலான ஊசிகளை நெற்றியிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் குத்தி, இருபது முப்பது நிமிடம் அப்படியே விட்டு எடுப்பார்கள். ஊசி பட்ட இடத்தில் ரத்த ஓட்டம் கூடும், லேசாக நீர் கோத்துக்கொள்ளும். அதனால் முகம் சற்று உப்பி, மெல்லிய கோடுகள் மறைந்தாற்போலத் தெரியும். சிகிச்சை முடிந்ததும் கையில் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வது அந்த நேரத்தில்தான். அந்த மினுமினுப்பு பொய்யல்ல. ஆனால் ஓரிரு நாளில் நீர் வடிந்ததும் அதுவும் வடிந்துவிடும்.

நீடித்த பலன் உண்டா என்று கேட்டால், கையில் இருக்கும் ஆதாரம் மிகச் சிறியது. தென் கொரியாவில் நடத்தி 2013 இல் வெளியிட்ட ஓர் ஆய்வை இத்துறையினர் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். 40 முதல் 59 வயது வரையுள்ள 28 பெண்களுக்கு மூன்று வாரங்களில் ஐந்து முறை முகத்தில் ஊசி குத்தினார்கள். தோலின் நெகிழ்வு சற்றுக் கூடியதாகப் பதிவு செய்தார்கள். ஊசி குத்தாத இன்னொரு குழுவை வைத்து ஒப்பிடவில்லை. ஆகவே அந்த முன்னேற்றம் ஊசியால் வந்ததா, படுத்து ஓய்வெடுத்ததால் வந்ததா, எதிர்பார்ப்பினால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதை ஒரு முதற்கட்ட முயற்சி என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள். அப்படியொரு முயற்சியை முன்வைத்து 54,000 ரூபாய் கேட்பதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

"சிறு காயம் பட்டால் கொலாஜன் (தோலுக்கு உறுதி தரும் புரதம்) ஊறும்" என்ற விளக்கத்தையும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த விளக்கம் மைக்ரோநீட்லிங் என்ற வேறொரு சிகிச்சைக்கு உரியது. அதில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் நூற்றுக்கணக்கான துளைகள் விழும். அதனால்தான் தோல் தன்னைப் பழுதுபார்க்கத் தொடங்குகிறது. முகம் முழுவதற்குமாக நாற்பது ஊசிகள் குத்துவதை அதற்கு ஈடாகச் சொல்வது பொருந்தாது. உங்கள் தோல் இன்று இருக்கும் நிலையில் மைக்ரோநீட்லிங்கும் வேண்டாம் என்பேன்.

உலக சுகாதார நிறுவனம் உண்மையில் சொன்னது

இதில் ஒரு துளி உண்மை இருப்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். 2002 இல் அந்த நிறுவனம் வெளியிட்ட ஓர் அறிக்கை, அக்குபஞ்சர் பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து, நோய்களை நான்கு பட்டியல்களாகப் பிரித்தது. முதல் பட்டியலில், பலன் நிரூபிக்கப்பட்டதாக அது கருதிய 28 நிலைகள் இருந்தன; வலி, குமட்டல் போன்றவை அதில் அடங்கும். முகச் சுருக்கமோ முதுமையோ எந்தப் பட்டியலிலும் இல்லை. மங்கு இருக்கிறது. ஆனால் மூன்றாவது பட்டியலில், அதாவது ஒன்றிரண்டு தனி ஆய்வுகளே உள்ளன, மற்ற சிகிச்சைகளும் கடினமாக இருப்பதால் முயன்று பார்க்கலாம் என்ற வகையில் இருக்கிறது. நிறக்குருடும் காது கேளாமையும் அதே பட்டியலில்தான் இருந்தன. காது கேட்காதவரை எந்த மருத்துவரும் அந்தப் பட்டியலை நம்பி அக்குபஞ்சருக்கு மட்டும் அனுப்பிவிட மாட்டார். விளம்பரத் தாளில் "அங்கீகாரம்" என்று அச்சிடப்பட்டிருப்பது இந்த மூன்றாம் பட்டியலைத்தான்.

இயற்கை என்ற சொல்

நம் வீடுகளில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு எனக்குத் தெரியும். நானும் பயத்தம் மாவு தேய்த்துக் குளித்து வளர்ந்த ஆள்தான். ஆனால் சேங்கொட்டை மரத்தில் காய்ப்பது. சலவைத் தொழிலாளர்கள் துணிக்கு அடையாளம் இடப் பயன்படுத்திய அந்தச் சாறு தோலில் பட்டால் கொப்புளம் போட்டுப் புண்ணாகும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போய், தடவிய விரல் தடம் அப்படியே கருத்துப்போக வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். எஃகு ஊசி எந்த மரத்திலும் காய்ப்பதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒன்று இயற்கையா செயற்கையா என்பதிலிருந்து அது நமக்கு ஆகுமா ஆகாதா என்பது தெரிந்துவிடாது. எந்த அளவில், எந்தத் தோலில், எந்த நிலையில் என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பயத்தம் மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மங்கு உள்ள இடத்தை "அழுக்கு போகட்டும்" என்று அழுத்தித் தேய்க்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தேய்க்கத் தேய்க்க அது கருக்கும். இன்றோடு அதை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு உள்ள ஆபத்துகள்

நல்ல பயிற்சி உள்ள ஒருவர், ஒருமுறை மட்டுமே பயன்படும் ஊசியைக் கொண்டு, ஆரோக்கியமான தோலில் செய்யும்போது இந்தச் சிகிச்சையால் பெரிய தீங்கு வருவது அரிது. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உங்கள் விஷயத்தில் நான் தயங்குவதற்குத் தனிக் காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது கருமை. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் எந்தக் காயமும், அது கொசுக்கடியாக இருந்தாலும், ஆறும்போது கருப்புத் தடத்தை விட்டுப் போகலாம். மங்கு உள்ள தோலில் நிறமியைச் சுரக்கும் செல்கள் ஏற்கெனவே கிளர்ந்த நிலையில் இருக்கின்றன. கருமையைப் போக்கிக்கொள்ளப் போன இடத்தில் கருமையைக் கூட்டிக்கொண்டு வரும் வாய்ப்பு உண்மையானது.

இரண்டாவது ரத்தக்கட்டு, அதாவது தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கன்றிப்போவது. ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு, அதிலும் ஸ்டீராய்டால் மெலிந்த தோலுக்கு, கண்ணுக்குக் கீழே ஓர் ஊசி போதும். என்னிடம் வந்த ஒரு பெண்மணிக்குக் கிரகப்பிரவேசத்துக்கு ஐந்து நாள் முன்பு இப்படி ஆயிற்று. முதலில் கருநாவல் நிறம், பிறகு பச்சை, விழா நாளன்று மஞ்சள். நிறம் மாறியதே தவிர மறையவில்லை. மறைய இரண்டு வாரம் பிடித்தது. வந்தவர்கள் எல்லாரும் கணவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள் என்று சொல்லி அழுதார்.

இதற்காக ஆஸ்பிரினை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார்கள் அல்லவா, அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். உங்கள் காலில் ஒருமுறை ரத்தம் உறைந்திருக்கிறது. உறைந்த கட்டி அங்கிருந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த மருத்துவரைத் தவிர வேறு யாருக்கும், எனக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அதை நிறுத்தச் சொல்லும் உரிமை கிடையாது. ஓர் அழகுச் சிகிச்சைக்காக இதைச் சர்வசாதாரணமாக நிறுத்தச் சொன்னார்கள் என்பதே, அந்த இடத்தில் உங்கள் உடல்நலத்தை முழுதாகக் கேட்டறியவில்லை என்பதைக் காட்டுகிறது.

இதனோடு சேர்த்து இன்னொரு எச்சரிக்கை. மங்குக்கு ட்ரானெக்ஸாமிக் அமிலம் என்ற மாத்திரை இப்போது பரவலாகப் புழங்குகிறது. தோழியர் ஒருவருக்கொருவர் பெயரை எழுதிக் கொடுத்துக்கொள்கிறார்கள். அது ரத்தம் உறைவதற்குத் துணைசெய்யும் மருந்து. உங்களைப் போல உறைவு வந்தவர்கள் அதைத் தொடவே கூடாது. எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாகக் காலில் வந்த உறைவைச் சொல்லுங்கள். மங்கைப் பற்றி அப்புறம் பேசலாம்.

மூன்றாவது தொற்று. ஊசி சுத்தமாக இல்லாவிட்டால் மஞ்சள்காமாலை வைரஸ்கள் பரவலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். அவ்வளவாகத் தெரியாத ஒன்று உண்டு. காசநோய்க் கிருமியின் உறவினர்களான சில கிருமிகள் தண்ணீரிலும் ஈரத் துணியிலும் வாழ்பவை. அவை ஊசித் துளை வழியாக உள்ளே போனால், பல வாரங்கள் கழித்துச் சிவந்த முடிச்சுகளாக எழும்பும். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும், தழும்பும் நிற்கும். அக்குபஞ்சர் நிலையங்களிலிருந்து இப்படிப் பலருக்கு ஒரே சமயத்தில் பரவிய நிகழ்வுகள் கொரியாவிலும் ஹாங்காங்கிலும் பதிவாகியிருக்கின்றன.

இடது கன்னம் சொல்வது

உங்கள் கடிதத்தில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்த விவரம் இது. செம்பூரிலிருந்து போகும் ரயில் குர்லாவைத் தாண்டியதும் தெற்கே திரும்புகிறது. காலையில் நீங்கள் போகும் திசையைப் பார்த்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் கிழக்கு உங்கள் இடப்பக்கம். மாலையில் வடக்கு நோக்கித் திரும்பி வரும்போது, மேற்கு உங்கள் இடப்பக்கம். இரண்டு வேளையும் காற்றுக்காக இடப்பக்க ஜன்னலைத்தான் பிடிப்பீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இருபது ஆண்டுகளாக இரு வேளையும் வெயில் உங்கள் இடது கன்னத்தில் விழுந்துகொண்டிருக்கிறது.

இதில் மிகையில்லை. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் புகைப்படத்தை 2012 இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. ஜன்னல் பக்கமாக இருந்த இடது பாதி முகம் ஆழமான சுருக்கங்களோடு தொங்கிப்போயிருந்தது. வலது பாதி அவருடைய தம்பியின் முகம் போல இருந்தது. புற ஊதாக் கதிர்களில் ஏ வகை கண்ணாடியையும் ஊடுருவும். நம் மின்சார ரயிலின் ஜன்னலிலோ பெரும்பாலும் கண்ணாடியைத் திறந்தே வைத்திருக்கிறோம். மங்கைப் பொறுத்தவரை கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும்கூட அதைக் கருக்கவைக்கும்.

ஆகவே சன்ஸ்க்ரீனை நிறுத்தச் சொன்னது உங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆலோசனைகளிலேயே மிகவும் தலைகீழானது. தோல் மூச்சுவிடுவது பெரும்பாலும் நுரையீரல் வழியாக வரும் பிராணவாயுவைக் கொண்டுதான். முகத்தில் தடவும் ஒரு மெல்லிய பூச்சால் அதற்குத் திணறல் வராது. ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டுகள் பின்தொடர்ந்து 2013 இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் சன்ஸ்க்ரீன் தடவியவர்களின் தோல், விருப்பப்பட்டபோது மட்டும் தடவியவர்களின் தோலைவிட 24 சதவீதம் குறைவாகவே முதிர்ந்திருந்தது. முதுமையைத் தள்ளிப்போடும் பூச்சு என்று எதையாவது நான் மனதாரச் சொல்ல முடியுமென்றால் அது இதுதான். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் உள்ள வகையாக வாங்குங்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்குப் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். நம்மில் பலர் அதில் கால்வாசிகூடத் தடவுவதில்லை. அலுவலகத்திலிருந்து கிளம்பும் முன் மறுபடியும் ஒருமுறை தடவுங்கள். இந்த அக்டோபர் வெயில் அடங்கும்வரை துப்பட்டாவோ குடையோ கூட இருக்கட்டும். ரயிலில் இனி நடு இருக்கை.

உங்கள் வயதில் இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கிறது. மாதவிடாய் நின்றுபோகும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும்போது, அதன் பின்னான முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் ஏறத்தாழ 30 சதவீதம்வரை குறையக்கூடும். ஆகவே இந்த இரண்டு ஆண்டு மாற்றம் உங்கள் கவனக்குறைவால் மட்டும் வந்ததில்லை. நாத்தனாரிடம் இதை விளக்க வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை.

சட்டமும் கட்டிய பணமும்

மகாராஷ்டிரத்தில் அக்குபஞ்சருக்கென்றே 2015 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்கீழ் ஒரு பதிவு மன்றமும் இருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகமும் 2019 இல் அக்குபஞ்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்றது. ஆகவே உங்கள் முகத்தில் ஊசி குத்தப் போகிறவர் யார், அவருடைய பதிவு எண் என்ன என்று கேட்பது உங்கள் உரிமை. அழகுக்கலைப் பயிற்சிச் சான்றிதழ் வேறு, இந்தப் பதிவு வேறு. கேட்டதும் முகம் சுளித்தால் அதுவே பதில்.

கட்டிய பத்தாயிரத்தைத் திரும்பக் கேளுங்கள். ரசீதில் "பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று அச்சிட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி அச்சிடப்பட்டிருப்பதாலேயே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உங்கள் உரிமை போய்விடாது. இதுவரை ஓர் அமர்வுகூட நடக்கவில்லை. ரத்த உறைவு பற்றியும் ஆஸ்பிரின் பற்றியும் குறிப்பிட்டு, மருத்துவக் காரணத்தால் சிகிச்சை எடுக்க இயலாது என்று மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதிக் கேளுங்கள். வாய்வார்த்தையாக வேண்டாம். ஆஸ்பிரினையும் சன்ஸ்க்ரீனையும் நிறுத்தச் சொன்ன செய்தி கைபேசியில் இருந்தால் அழிக்காதீர்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேசி முடித்துவிடலாம். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணம் கிடையாது. மீதி 32,000 ரூபாயை எந்தச் சலுகைக்காகவும் இப்போது கட்டாதீர்கள்.

திருமணம்வரை உள்ள நான்கு மாதங்கள்

இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். நம் பக்கத்தில் சயான் மாநகராட்சி மருத்துவமனையிலும் பரேல் கே.இ.எம். மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது. செலவு மிகக் குறைவு, வரிசை நீளம். முதல் இரண்டு மாதங்கள் க்ரீமிலிருந்து வெளியே வருவதற்கும் தோலை ஆற்றுவதற்கும் போகும். வாசனையற்ற மென்மையான முகக் கழுவி, ஈரப்பதம் தரும் பூச்சு, சன்ஸ்க்ரீன், இவ்வளவுதான். இடையில் முகம் சிவக்கும் நாட்கள் வரும். அப்போது மனம் தளர்ந்து பழைய ட்யூபைத் தேடாதீர்கள். தோல் அமைதியான பிறகு, மங்குக்கு அசெலாயிக் அமிலம் போன்ற மென்மையான மருந்தைத் தொடங்கலாம். சுருக்கத்துக்கு ட்ரெட்டினோயின் நல்ல மருந்து. வெயிலால் முதிர்ந்த தோலை அது ஓரளவு திருத்துகிறது என்பது 1986 முதல் தொடர்ந்து நிறுவப்பட்டிருக்கிறது. ஆனால் அதை மருத்துவர் சொன்ன பிறகு, வாரத்துக்கு இரண்டு நாள் என்று மெல்லத் தொடங்க வேண்டும். பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். தை மாதத்துக்குள் அது கைகொடுக்காது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மங்கு முழுதாகப் போய்விடும் என்றும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வெளிறும், கட்டுக்குள் இருக்கும், வெயில் பட்டால் திரும்பும். நீரிழிவைப் போல அதனோடு வாழப் பழக வேண்டியிருக்கிறது.

திருமணத்துக்கு முந்தைய மாதத்தில் ப்ளீச், புதிய ஃபேஷியல், தோலை உரிக்கும் பீல் சிகிச்சை எதையும் செய்துகொள்ள வேண்டாம். ஒப்பனை செய்பவரிடம் முன்கூட்டியே ஒருநாள் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கை மறைக்க ஆரஞ்சுச் சாயல் உள்ள கன்சீலர் போதும். மேடை வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் அக்குபஞ்சர் செய்து பார்க்க மனம் விரும்பினால், திருமணம் முடிந்து, தோல் தேறி, உங்கள் மருத்துவர் சம்மதித்த பிறகு, பதிவு பெற்ற ஒருவரிடம், ஒவ்வொரு முறைக்கும் தனியாகப் பணம் கொடுத்து, உங்கள் கண்முன் உறை பிரித்த ஊசியால் செய்துகொள்ளுங்கள். அதை ஓய்வாக, உங்களுக்கென ஒதுக்கிய அரை மணி நேரமாக எண்ணிச் செய்தால் தவறில்லை. மங்கு போகும் என்று எண்ணிச் செய்யாதீர்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த க்ரீம் ட்யூபை, காலியானதாக இருந்தாலும், பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ரத்த உறைவுக்குச் சிகிச்சை பெற்ற மருத்துவமனைச் சீட்டும், கடைசியாக எடுத்த தைராய்டு பரிசோதனை முடிவும், இரண்டாவது பிரசவத்துக்கு முன் எடுத்த ஏதாவதொரு புகைப்படமும் கூட இருக்கட்டும்.